கரடிக்கு எந்த லென்ஸ்

"என் லென்ஸ் பத்தலைங்க மேடம்" என்றார் பூவராகன்.

மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம் கம்பம் கம்பமாக ஏறி இறங்கி ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்ற மறுவாரமே கேமரா வாங்கினார். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் மலையடிவாரத்து மிருகக்காட்சி சாலைக்கு வந்துவிடுவார், ஜெசிந்தாவிடம் கற்றுக்கொள்ள.

ஜெசிந்தாவுக்கு அவரைவிடப் பதினேழு வயது குறைவு. அங்குள்ள ஒவ்வொரு பிராணியையும் பதினாறு வருஷமாகப் படம் எடுத்து வருபவர். பிறந்தது, நோயில் படுத்தது, செத்தது எல்லாம் அவருடைய படங்களில் இருந்தன. கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். பேச்சு மட்டும் குறைவு.

"எதுக்குப் பத்தலை?"

"கரடிக்குங்க. வலைக்குப் பின்னால இருக்கற சிறுத்தைக்கு வழி சொன்னீங்க. லென்ஸை வலையோட ஒட்டி வச்சு, துவாரத்தை முழுசாத் திறந்தேன். கம்பியே காணாமப் போச்சு. கண்ணாடிக்குள்ள இருக்கற பாம்புக்குச் சொன்னீங்க, அதுவும் வந்துது. இந்தக் கரடி அகழிக்கு அந்தப் பக்கம் பாறைக்கடியிலயே கெடக்குது. என் இருநூறு எம்.எம். லென்ஸுக்கு அது கருப்பு மூட்டையாத்தான் விழுது."

ஜெசிந்தா அகழிக்கு அப்பால் பார்த்தார்.

"அது உங்களைப் பார்த்திருக்குதா?"

"எங்கீங்க, தூங்கிட்டேதான இருக்குது."

"அப்ப இன்னும் கொஞ்ச நாளைக்கு இருநூறே இருக்கட்டும் சார்."

பூவராகனுக்கு மனம் சுருங்கிவிட்டது. ஐம்பத்தொன்பது வயசுக்காரனிடம் கொஞ்ச நாள் பொறு என்றால் என்ன அர்த்தம்? முப்பத்து நாலு வருஷம் கம்பத்து உச்சியில் நின்றவரை ஒருத்தரும் அண்ணாந்து பார்த்ததில்லை. மிருகக்காட்சி சாலை ஆண்டுவிழாக் கண்காட்சியில் ஒரு படம், அதன் அடியில் தன் பெயர். அவ்வளவுதான் அவர் ஆசைப்பட்டது.

செவ்வாய்க்கிழமை அறுநூறு எம்.எம். லென்ஸ் ஒன்றை வாங்கிவிட்டார். முழங்கை நீளம், நல்ல கறுப்பு. அதன் கனத்தைத் தாங்க ஓர் ஒற்றைக்கால் ஸ்டாண்டும் வாங்கினார்.

புதன்கிழமை கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனார். ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை.

கரடி பாறைக்கடியில் படுத்திருந்தது. இளவெயில் அதன் முதுகில் சரிந்திருந்தது. பூவராகன் ஸ்டாண்டை இழுத்து நீட்டி லென்ஸை மாட்டி மேலே தூக்கினார்.

கரடி தலையைத் தூக்கியது.

பிறகு எழுந்தது. பின்னங்கால் இரண்டில் நிமிர்ந்து நின்றது. இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது. ஒரு கையைத் தூக்கி மூக்கருகே வைத்துக்கொண்டது.

பூவராகனுக்கு மூச்சே நின்றுவிட்டது. விரல் மட்டும் வேலை செய்தது.

பள்ளிப் பிள்ளைகள் சிலர் ஓடிவந்து கைதட்டினார்கள். ஓர் ஆசிரியர், "சார், உங்களைப் பார்த்துத்தான் ஆடுது!" என்றார்.

பேட்டரி மாற்ற ஸ்டாண்டைத் தாழ்த்தினார். கரடி கீழே விழுந்தாற்போல் படுத்துவிட்டது.

மறுபடி தூக்கினார். மறுபடி எழுந்தது.

'எனக்காகவே நிக்குது' என்று நினைத்துக்கொண்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. மூன்றாம் தடவையும் தூக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துவந்தார். ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. மார்பின் வெள்ளைப் பிறையில் வெயில் பட்டுத் தகதகத்தது.

ஜெசிந்தா வெகுநேரம் பார்த்தார்.

"எப்படீங்க மேடம் இருக்குது?"

"மாதன்கிட்டக் காட்டலாம், வாங்க."

மாதன் கரடியைப் பராமரிப்பவர். அதற்கு அம்மிணி என்று பெயர் வைத்தவரும் அவர்தான். கொட்டடியின் பின்பக்கம், தேன் ஊற்றிய ராகிக்களி வாளியோடு உட்கார்ந்திருந்தார். வாளி நிறைந்தே இருந்தது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். அவர் முகம் மாறியது.

"எத்தனை தடவை சார் ஆடுச்சு?"

"மூணு தடவைங்க."

"என்னைக்கு?"

"புதன்கிழமை."

மாதன் படத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"புதன்கிழமையில இருந்து வெளிய வரலைங்க. களியை மோந்துகூடப் பாக்கலை. என்ன நோவுன்னு தெரியாம டாக்டரு ரத்தம் எடுத்துட்டுப் போயிருக்காரு."

பூவராகன் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா மாதனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ரோட்டுல வித்தை காட்டுனவங்ககிட்ட இருந்து மீட்டாந்ததுங்க" என்றார் மாதன். "கழியைத் தூக்கினா எந்திரிச்சு ஆடோணும். ஆடலைன்னா அந்தக் கழியாலயே அடி. இங்க வந்தும் நாலு வருஷம் எதைப் பாத்தாலும் ஆடும். நான் தொடப்பத்தைக்கூடத் தூக்க மாட்டேன், தரையோட தள்ளிட்டுத்தான் போவேன். அப்புறம் நின்னுச்சு. ஆறு வருஷமா ஆடலைங்க சார்."

"என் கையில கழி இல்லீங்களே" என்றார் பூவராகன்.

"கரடிக்குக் கண்ணு மந்தம் சார். கறுப்பா நீளமா ஒண்ணு எழும்பினா, அதுக்கு அது கழிதான்."

மாதன் படத்தைத் திருப்பி நீட்டி, கரடியின் முகத்தில் ஒரு விரலை வைத்தார்.

மூக்கின் மேல் ஓர் ஓட்டை இருந்தது. கயிறு கோத்து இழுத்து இழுத்து விளிம்பு கிழிந்து ஆறிய ஓட்டை. தூக்கிய கை அதைத்தான் மூடப் பார்த்தது. லென்ஸ் ஒரு மயிரிழை தவறாமல் அதை வாங்கியிருந்தது. நாலு நாளாக அந்தப் படத்தைக் கண்ணெதிரில் வைத்துக்கொண்டிருந்த பூவராகன் இப்போதுதான் பார்த்தார்.

படத்தை வாங்கிக் கிழிக்கப் போனார்.

ஜெசிந்தா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கிழிக்காதீங்க. டாக்டருக்கு வேணும்."

அன்றே அந்தப் படம் அம்மிணியின் வைத்தியக் கோப்புக்குள் போயிற்று. பின்பக்கத்தில் தேதியும் நேரமும் எத்தனை தடவை என்பதும் எழுதச் சொன்னார் ஜெசிந்தா. பூவராகன் எழுதினார்.

வெளியே வந்ததும் கேட்டார்.

"உங்களுக்குத் தெரியும்தானே மேடம்? ஏன் சொல்லலை?"

"கழி ஆகாதுன்னு தெரியும். லென்ஸும் கழிதான்னு எனக்குத் தோணலை." ஜெசிந்தா அகழிப் பக்கம் திரும்பினார். "பதினாறு வருஷம் ஆச்சு, தோணியிருக்கணும்."

"நான் இப்ப என்ன பண்ணட்டும்?"

ஜெசிந்தா கேமராப் பையைக் கழற்றித் தரையில் வைத்தார். அகழிச் சுவரில் இரண்டு கைகளையும் விரித்து வைத்தபடி நின்றார்.

பூவராகனும் பக்கத்தில் போய்க் கைகளை விரித்து வைத்தார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். கையில் குடைகூட எடுத்துவரவில்லை. ஒருநாள் மழையில் தெப்பமாக நனைந்தார். கொட்டடி வாசல் இருட்டாகவே இருந்தது. பார்க்க வந்தவர்கள், "கூண்டுல ஒண்ணுமில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் சுவரோரமே நின்றார்.

ஆறாம் நாள் மாதன் வந்து சொன்னார்: "ரெண்டு கை களி தின்னுச்சுங்க."

பூவராகன் தலையை மட்டும் ஆட்டினார்.

ஒன்பதாம் நாள் வாசலில் ஒரு மூக்கு தெரிந்தது. காற்றை மோந்தது. உள்ளே போய்விட்டது.

கண்காட்சிக்குப் படம் கொடுக்கும் நாள் அதற்குள் வந்தது, போனது. வேறு யாரோ எடுத்த மயில் முதல் வரிசையில் மாட்டப்பட்டது. அவர் போய்ப் பார்த்தார். நல்ல படம்தான். பார்த்துவிட்டு நேரே சுவருக்கு வந்துவிட்டார்.

ஐப்பசி அடைமழை விட்ட ஒரு காலையில் அம்மிணி வெளியே வந்தது.

பாறைக்கடிக்குப் போகவில்லை. தண்ணீர் தேங்கிய புல்லைத் தாண்டி, எறும்புப் புற்று ஒன்றை உறிஞ்சிப் பார்த்து, அகழியின் விளிம்புவரை வந்தது. இருநூறும் வேண்டாம், நூறே போதும் என்கிற தூரம். அங்கே மல்லாந்து படுத்தது. நாலு காலையும் ஆகாசத்துக்கு விரித்தது. கிழிந்த மூக்கு வெயிலில் மெல்ல ஏறி இறங்கியது.

ஜெசிந்தா எப்போது வந்து நின்றார் என்று பூவராகனுக்குத் தெரியாது. தோளில் கை பட்டதும்தான் திரும்பினார். பதினாறு வருஷத்தில் பிறர் கையில் கொடுத்திராத தன் கேமராவை ஜெசிந்தா நீட்டிக்கொண்டிருந்தார்.

"எடுங்க சார். இதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது."

பூவராகனின் கைகள் சுவரில் விரித்தபடியே இருந்தன.

"மெதுவாப் பேசுங்க மேடம்" என்றார். "தூங்குது."