தாமரைக் குளத்தில் இறங்கிய ராக்கெட்

கொன்றையூர் ராஜா வீரகேதுவுக்கு நாட்டைவிடத் தபால்தலைதான் பெரிது. அதிலும் விண்வெளித் தபால்தலை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். எந்த தேசம் ராக்கெட் விட்டாலும் அதற்கான தபால்தலையும், வெளியான அன்றே முத்திரை குத்திய முதல்நாள் உறையும் அரண்மனைக்கு வந்தாக வேண்டும். மழையில்லை என்று முறையிட வந்த குடியானவர்கள்கூட ஓர் ஆல்பம் முழுவதையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து வியந்த பிறகுதான் வாயைத் திறக்கலாம். விரலால் தொட்டால் தொலைந்தார்கள். எதையும் இடுக்கியால்தான் தூக்க வேண்டும்.

பக்கத்து செங்கழனி நாட்டு ராஜா சோமதேவருக்கும் இதே பைத்தியம். போன வருஷம் விருந்துக்கு வந்தவர், எல்லா ஆல்பத்தையும் புரட்டிவிட்டு, "எல்லாம் பிரமாதம். உங்கள் நாட்டு ராக்கெட் தபால்தலை எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்டார். அன்றிலிருந்து வீரகேதுவுக்குத் தூக்கம் போயிற்று.

மந்திரி தானைமூர்த்தி இதற்கா கவலைப்படுவது என்றார். முதலில் தபால்தலையை அச்சடிப்போம், ராக்கெட் பின்னாலேயே வந்துவிடும் என்றார். அப்படியே ஆயிற்று. நிலாவில் கொன்றையூர் ராக்கெட் நிமிர்ந்து நிற்கும் படம், பக்கத்தில் கொடி. வெளியீட்டு நாளுக்கான தேதி முத்திரையையும் செதுக்கிவிட்டார்கள். ராக்கெட் செய்ய ஆள் தேடியது அதற்கப்புறம்தான்.

ஆளைக் காட்டிக் கொடுத்தவன் கலிவரதன். ராஜாவைச் சிரிக்க வைப்பதும், சிரிக்கிற நேரம் பார்த்து ஊருக்கு நாலு நல்லது கேட்டு வாங்குவதும் அவையில் அவன் வேலை. திருவிழாக்களுக்கு வாணம் செய்யும் அலர்மேலைவிட்டால் இந்த நாட்டில் வேறு ஆளில்லை என்று அவன்தான் சொன்னான். அவளும் வந்து பார்த்தாள். இன்னும் ஆறு மாதம் வேண்டும் என்று கேட்டாள். கலிவரதனும் அவளுக்காகப் பேசினான்.

மந்திரி முத்திரையைத் தூக்கிக் காட்டினார். "தேதி செதுக்கியாகிவிட்டது, அம்மா. போயும் போயும் ஒரு ராக்கெட்டுக்காக இதை மாற்ற முடியுமா?"

வெளியீட்டு நாள் வந்தது. சோமதேவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். காலையிலேயே உறைகளுக்கு முத்திரை குத்தி எட்டுத் திக்குக்கும் அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ராக்கெட்டுக்குத் தீ வைத்தார்கள். அது பனைமர உயரம் போயிற்று. அங்கே கொஞ்சம் யோசித்தது. அப்படியே திரும்பி, அரண்மனைத் தாமரைக் குளத்தில் மூக்கு சேற்றில் புதைய, வால் வானத்தைப் பார்க்கச் செருகிக்கொண்டு நின்றது. சோமதேவர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வீரகேதுவின் முகம் கறுத்துவிட்டது. மந்திரி சும்மா இருப்பாரா? செய்தவளையும் சிபாரிசு செய்தவனையும் அடுத்த ராக்கெட்டில் கட்டி அனுப்பலாம் என்று ராஜாவின் காதில் ஓதினார்.

"நல்ல யோசனை," என்றார் ராஜா. "கலிவரதா, விருந்தாளி சாப்பிட்டுக் கைகழுவுவதற்குள் என் மானத்தைக் காப்பாற்று. இல்லாவிட்டால் நீங்கள் இரண்டு பேரும் கிளம்பலாம்."

கலிவரதனுக்குத் தன் உயிரைப் பற்றிய பயம் ஒரு பக்கம். சிவனே என்று வாணம் செய்துகொண்டிருந்தவளை இழுத்துவந்து மாட்டிவிட்டோமே என்ற வேதனை அதைவிடப் பெரிதாக இருந்தது. குளத்தையும் அதில் நின்ற வாலையும் பார்த்தான். பிறகு ராஜாவிடம் போய், விருந்தாளி காதிலும் விழும்படி பணிவாக ஒரு சந்தேகம் கேட்டான்.

"மகாராஜா, வெல்வெட் பெட்டியில் ஒற்றைத் தபால்தலை வைத்திருக்கிறீர்களே, அதற்கு எதற்காக ஒரு யானையைக் கொடுத்தீர்கள்?"

ராஜாவுக்குக் கோபத்திலும் பெருமை பொத்துக்கொண்டு வந்தது. "அதில் ராக்கெட் தலைகீழாக அச்சாகியிருக்கிறது. லட்சம் தபால்தலை சரியாக அச்சடித்தவர்கள் ஒரே ஒரு தாளைத் திருப்பி வைத்துவிட்டார்கள். பிழை அச்சுக்கு உள்ள மதிப்பு உனக்கு என்ன தெரியும்?"

சோமதேவர் பெருமூச்சு விட்டார். அந்தத் தபால்தலைக்காக அவர் இரண்டு யானை வரைக்கும் கேட்டுப் பார்த்தவர்.

"அப்படியானால் இன்று உங்களை வெல்ல உலகத்தில் ஆளில்லை," என்றான் கலிவரதன். "இதுவரை எல்லா தேசத்திலும் ராக்கெட் சரியாகப் போயிருக்கிறது, தபால்தலைதான் தலைகீழாகியிருக்கிறது. தபால்தலை சரியாக இருந்து ராக்கெட் தலைகீழானது இங்கே மட்டும்தான். இந்தப் பிழை எவர் ஆல்பத்திலும் கிடையாது. ஆல்பத்தில் அடங்காது என்பதால் குளத்தில் வைத்திருக்கிறோம்."

சோமதேவர் துண்டை மெல்ல இறக்கினார். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு குளத்துப் படியில் இறங்கி, வாலை வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்து வீரகேதுவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பத்து யானை தருகிறேன். உறையோடு சேர்த்து."

வீரகேது வயிறு குலுங்கச் சிரித்தார். இது விற்பனைக்கு இல்லை என்று சொல்லும்போது அவருக்கு இருந்த ஆனந்தம், ராக்கெட் நிலாவுக்கே போயிருந்தாலும் வந்திருக்காது.

கலிவரதனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். இனிமேல் அலர்மேல் ராக்கெட்டை முடித்த பிறகுதான் தேதியைச் செதுக்க வேண்டும் என்று கேட்டான். அலர்மேல் அப்போதுதான் மூச்சுவிட்டாள். ராஜா சரி என்றார். குளத்துக்கு வேலி போட்டு, மந்திரி தானைமூர்த்தியையே காவலுக்கு வைத்தார். விலைமதிப்பில்லாத சரக்கை விரலால் தொடலாமா? இரண்டு ஆள் உயரத்துக்கு ஓர் இடுக்கி செய்து அவர் கையில் கொடுத்தார்கள்.

செங்கழனியில்தான் பாவம், நிலைமை சரியில்லை. சோமதேவர் ஊர் திரும்பியதும் தமக்கும் அதேபோல் தலைகீழாக விழும் ராக்கெட் வேண்டும் என்று ஆணையிட்டார். அங்கே இருப்பவர்கள் கெட்டிக்காரர்கள். இரவு பகலாகப் பாடுபடுகிறார்கள். எப்படி விட்டாலும் சனியன் நேராக நிலாவுக்குப் போய் இறங்கிவிடுகிறதாம். அந்த அவமானத்தில் அவர் தபால்தலையே வெளியிடுவதில்லை.