கோணலூருணிக்காரர்கள் பாதுகாத்த பூட்டு

கோணலூருணிக்காரர்களுக்கு நாட்டுப்பற்று இல்லை என்று எவனாவது சொன்னால் நானே சண்டைக்கு வருவேன். நான் பக்கத்து ஊர்க்காரன். அவர்களைப் பார்த்துச் சிரிக்கிற உரிமை எங்களுக்கு உண்டு. அவதூறு பேசுகிற உரிமை யாருக்கும் கிடையாது.

நாற்பத்திரண்டில் ஜில்லா முழுக்க மறியல் நடந்தபோது அவர்களும் ஜெயிலுக்குப் போவதென்றே கிளம்பினார்கள். கட்டுச்சோறு, மாற்று வேட்டி, பல் துலக்க வேப்பங்குச்சி எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். தாலுகா கச்சேரி வாசலில் தடை உத்தரவு ஒட்டியிருந்தது. ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது, மீறினால் கைது. அதைப் படித்துவிட்டு நெடுநேரம் ஆலோசித்தார்கள். பிறகு ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து, ஒரு கூட்டம் கோஷம் போட்டு முடித்து நகர்ந்ததும் அடுத்த கூட்டம் என்று ஒழுங்காக மறியல் செய்தார்கள். கடைசிக் கூட்டத்தை இன்ஸ்பெக்டர் கைகூப்பி வழியனுப்பி வைத்தார். கட்டுச்சோற்றை ஒரு புளியமரத்தடியில் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள்.

எங்கள் ஊரிலிருந்து ஒரு லாரி ஆட்கள் உள்ளே போனார்கள். கோணலூருணியிலிருந்து ஒருவர்கூடப் போகவில்லை. முப்பது வருஷமாக அந்தக் குறை அவர்கள் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. உள்ளபடியே பாவமாக இருக்கும்.

சுதந்திர வெள்ளிவிழா வந்தது. ஜில்லா தலைநகரில் விடுதலைக் கூடம் ஒன்று கட்டினார்கள். ஒவ்வொரு ஊரிலும் பழம்பொருள் வாங்கி அங்கே வைத்து, கொடுத்த ஊரின் பெயரைக் கல்லில் வெட்டுவதாக ஏற்பாடு. பொருள் சேகரிக்க சபேசன் என்ற அதிகாரி ஜீப்பில் ஊர் ஊராக வந்தார். நாங்கள் ஒரு ராட்டையும் தடியடியில் நெளிந்த கூஜாவும் கொடுத்தோம். எங்கள் பெயர் ஏறிவிட்டது. அன்றைக்குக் கோணலூருணியில் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை.

மறுநாள் அவர்கள் சாவடியில் சபேசன் உட்கார்ந்தார். "சுதந்திரம் வந்ததைப் பாத்த பொருளா இருக்கணும்" என்றார்.

முதலில் குப்புராசு ஒரு பெரிய சுவர்க் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஊர்க்கூட்டத்தில் எந்த விஷயத்துக்கும் முடிவு சொல்கிற மூளை அவனுடையது.

"கொடியேத்துன அன்னிக்கு இது எதுத்தாப்புல தொங்குச்சுங்க. மறைக்காம முழுசும் பாத்தது இது ஒண்ணுதான்."

"அதுல இப்ப என் மூஞ்சிதானய்யா தெரியுது?"

"இன்னிக்கு நீங்க நிக்கிறீங்கல்ல, அதான்."

அடுத்து, இட்லிக்கடை மாயக்காள் ஆவி பறக்கும் கொப்பரையோடு வந்தாள். சுதந்திரம் வந்த அன்று ஊருக்கே இட்லி அவித்தது அதுதானாம். மாவு மட்டும் புதுசு என்று உண்மையையும் சொன்னாள். அதிகாரி இட்லியை மட்டும் ஏற்றுக்கொண்டார்.

கடைசியில் ஊர்த்தலைவர் வெள்ளைப்பாண்டி ஒரு கன்றுக்குட்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். ஓடாமலிருக்க அதன் கழுத்தில் கனமாக எதையோ கட்டியிருந்தார். சபேசன் எழுந்தே நின்றுவிட்டார். அது கிரீட முத்திரை போட்ட பழைய பூட்டு. சாவியும் அதே கயிற்றில் ஆடியது. வெள்ளைக்காரன் காலத்து லாக்கப்பை இடித்தபோது வெள்ளைப்பாண்டி ஏலத்தில் எடுத்ததாம்.

சபேசன் அதை மேஜைமேல் வைத்துக் கண்கலங்கப் பார்த்தார். "எத்தனை தியாகிகளை உள்ள வச்சிருந்த பூட்டு இது. உங்க ஊர்ல யாராச்சும் இந்தப் பூட்டுக்குள்ள இருந்திருக்காங்களா?"

எல்லாரும் கன்றுக்குட்டியைப் பார்த்தார்கள்.

"ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க. என் கண்ணால பாத்துட்டேன்னா அந்த நிமிஷமே ஊர்ப்பேரை எழுதிடறேன். வெள்ளிக்கிழமை வர்றேன், அதான் கடைசி நாள். அதுவரைக்கும் இதைத் தேய்க்காதீங்க, எண்ணெய் விடாதீங்க. யார் சொன்னாலும் சரி, பூட்டுலயும் சாவியிலயும் உங்க கை படக் கூடாது. எல்லாரும் பாக்குற மாதிரி, ஆனா பத்திரமா வைங்க."

ஜீப் போனதும் ஆலோசனை தொடங்கியது.

"பத்திரமா வைக்கணும்னா உள்ரூம்புல வச்சுப் பூட்டணும்" என்றார் வெள்ளைப்பாண்டி.

"உள்ள வச்சா எல்லாரும் எப்படிப் பாக்குறது?" என்றாள் மாயக்காள். "அதுபோக, பூட்ட வேற பூட்டு எங்க இருக்கு?"

குப்புராசு கண்ணை மூடி யோசித்தான். "பூட்டை வச்சே ரூம்பைப் பூட்டிருவோம். பூட்டு வெளிய தொங்கும், ஊரே பாக்கும். களவாண வர்றவன் பூட்டை உடைச்சாத்தான் பூட்டை எடுக்க முடியும். உடைஞ்ச பூட்டை எவன் எடுப்பான்?"

இதற்கு மறுப்புச் சொல்ல யாராலும் முடியவில்லை. என்னாலும் இன்றுவரை முடியவில்லை.

மாயக்காளின் இடுக்கியால் பூட்டைத் தூக்கி, சாவடியின் காலி அறை நாதாங்கியில் மாட்டி, அழுத்திப் பூட்டினார்கள். சாவியையும் இடுக்கியால் எடுத்துப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டார்கள். ஒருவர் கையும் படவில்லை. ஆனால் பூட்டுக்குள் இருந்த ஆளுக்கு எங்கே போவது? வெள்ளைப்பாண்டிக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சபேசன் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஜீப் பழுதாம்.

"உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லீங்க."

"பின்ன எதுக்குப் பூட்டியிருக்கீங்க?"

"பூட்டு களவு போயிரக் கூடாதுன்னுதான்."

சபேசனுக்கு இது விளங்கவில்லை. படித்தவர். சாவியை எடுத்துத் தாமே திறந்தார். திறந்த பூட்டை நாதாங்கியிலேயே தொங்கவிட்டு, அப்படி என்னதான் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கச் சாவியோடு உள்ளே போனார்.

குப்புராசு பூட்டைப் பார்த்தான். வாய் பிளந்து தொங்கியது. இந்த நிலையில் எவன் வேண்டுமானாலும் கழற்றிக்கொண்டு போகலாம். கதவைச் சாத்தி, நாதாங்கியைப் போட்டு, இடுக்கியால் பூட்டை மாட்டி ஒரு அழுத்து அழுத்திவிட்டு, இடுக்கியை மாயக்காளிடம் கொடுத்தான்.

உள்ளிருந்து சபேசன் கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு ஜன்னல் கம்பி வழியாகச் சாவியைப் பிடித்த ஒரு கை வெளியே வந்தது.

"யோவ், இதை வாங்கித் தொறங்கய்யா."

"கை படக் கூடாதுங்களே."

"நான்தான்யா சொல்றேன். தொடுங்க."

"யார் சொன்னாலும் சரின்னு சொன்னீங்க."

"சொன்னதே நான்தானய்யா!"

வெள்ளைப்பாண்டி குழம்பிப்போய்க் குப்புராசுவைத் தனியே அழைத்தார். "அதிகாரி தொடாதேன்னாரு. இப்ப அவரே தொடுன்னு சொல்றாரு. எதைக் கேக்குறது?"

"வெளிய நின்னு சொன்னது அதிகாரி சொன்னது" என்றான் குப்புராசு. "உள்ள நின்னு சொல்றது கைதி சொல்றது. கைதி பேச்சைக் கேட்டு அதிகாரி உத்தரவை மீறலாமா?"

"அப்ப அவரு கைதியா?"

"பூட்டுக்குள்ள இருக்குற ஆளை வேற என்னன்னு சொல்றது?"

சொல்லிவிட்டுக் குப்புராசு அப்படியே நின்றான். வெள்ளைப்பாண்டியும் நின்றார். மாயக்காள் இடுக்கியைக் கீழே போட்டாள். பூட்டுக்குள் ஒரு ஆள் கிடைத்துவிட்டார். வெள்ளைப்பாண்டி தோள்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். முப்பது வருஷத்துத் துக்கம், சும்மா போகுமா?

"இன்னிக்குத்தான் கடைசி நாளு" என்று மாயக்காள் ஞாபகப்படுத்தினாள். "அவரு கண்ணால பாத்தாத்தான் எழுதுவாராம். அவரு உள்ள இருக்காரு, எப்படிப் பாப்பாரு?"

குப்புராசு ஏற்கனவே ஓடியிருந்தான். சுதந்திரத்தை முழுசும் பார்த்த அந்தக் கண்ணாடியைத் தூக்கிவந்து ஜன்னலுக்கு எதிரே பிடித்தான்.

"இந்தாங்க, நீங்க கேட்ட ஆளு. கம்பிக்கு அந்தப் பக்கம் நிக்கிறாரு பாருங்க. நல்லாப் பாத்துட்டு எழுதுங்க."

சபேசன் கண்ணாடியைப் பார்த்தார். தலையெல்லாம் ஒட்டடை. இரண்டு கையும் கம்பியில். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து ஒரு தாளில் எழுதி, அலுவலக முத்திரையும் குத்தி, கம்பி வழியே நீட்டினார். 'கோணலூருணி' என்று பிழையில்லாமல் எழுதியிருந்ததைப் பின்னால் நானே பார்த்தேன்.

வெள்ளைப்பாண்டி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உரக்கப் படித்தார். ஊரே சாவடி முன்னால் திரண்டுவிட்டது. பழைய நினைப்பில் ஐந்து ஐந்து பேராகத்தான் நின்றார்கள்.

"அதான் எழுதிட்டேனே" என்று உள்ளிருந்து சபேசனின் குரல் வந்தது. "இனிமேலாவது எனக்கு விடுதலை குடுங்கய்யா."

முப்பது வருஷமாக எந்தக் குரலைக் கேட்க முடியவில்லையே என்று ஏங்கினார்களோ, அந்தக் குரல் தங்கள் ஊரிலேயே கேட்டது. மாயக்காளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வெள்ளைப்பாண்டி கையை உயர்த்தினார். முதல் ஐந்து பேர் அடிவயிற்றிலிருந்து "வந்தே மாதரம்" என்று முழங்கிவிட்டு, அடுத்த ஐந்து பேருக்கு வழிவிட்டு ஒழுங்காக நகர்ந்தார்கள்.