நனையாத கிளை

ஒரு காட்டில், ஏரிக்கரையோரம், மூக்காயி என்ற தகைவிலான் குருவி இருந்தாள். எதைச் சொல்ல வந்தாலும் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று அவளுக்கு நெஞ்சு படபடக்கும். அதனாலேயே பாதிப் பேச்சை விழுங்கிவிடுவாள்.

அந்த ஏரியின் மேல் ஒரு மருத மரக் கிளை நீண்டிருந்தது. பறந்துகொண்டே பூச்சி பிடிக்கும் பறவைகளெல்லாம் அந்தி சாய்ந்ததும் அதில் வந்து அடையும். தகைவிலான், கரிச்சான், பஞ்சுருட்டான் என்று இறக்கையோடு இறக்கை இடித்துக்கொண்டு உட்கார்ந்தால், கிளை தாழ்ந்து நுனி தண்ணீரைத் தொடும். தொட்ட பிறகுதான் எல்லாம் தூங்கும். அதுதான் வழக்கம்.

இப்போது கொஞ்ச காலமாக நுனி தண்ணீரை எட்டவில்லை.

"கரிச்சான் தம்பி, நாம் குறைந்துவிட்டோமோ என்று..." மூக்காயி இழுத்தாள்.

"ஏரி வற்றியிருக்கும் அக்கா. நிலா தேய்ந்ததற்கே அழுதவள் நீ" என்றது கரிச்சான். கிளையே குலுங்கச் சிரித்தது.

காலையில் அவள் ஆமையிடம் போனாள். "அண்ணா, ஏரித் தண்ணீர் இறங்கிவிட்டதா?"

"நான் வெயில் காயும் பாறையைப் பார். எப்போதும்போல அதன் முதுகு மட்டும்தான் வெளியே தெரிகிறது. தண்ணீர் இருந்தபடியே இருக்கிறது."

அப்படியானால் குறைந்தது பறவைகள்தான். அவள் கூட்டிலும் குஞ்சுகள் வாயைப் பிளந்து காத்திருந்தன. காலை முழுதும் பறந்தும் ஒரு வாய் இரை சேரவில்லை. பூச்சிகள் பிறக்கும் கோரைப்புல்லைத்தான் காட்டுப்பன்றி கரை நெடுகக் கிளறிப் போட்டிருந்ததே. கேட்டால், காட்டுக்கே பெரியவரான காட்டெருதின் உத்தரவு என்றது.

குஞ்சுகள் முகத்தைப் பார்த்தாள். பயந்தால் ஆகாது என்று கிளம்பினாள்.

காட்டெருது ஈத்தொல்லை தாங்காமல், குருவிகள் சுழன்று இரை பிடிக்க இடமில்லாத அடர்ந்த புதருக்குள் ஒதுங்கியிருந்தது. பக்கத்தில் பன்றி எதையோ மென்றுகொண்டிருந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு மூக்காயிக்கு மறந்தே போயிற்று.

"பெரியவரே, கிளை நனையவில்லை" என்றாள்.

"குடத்தில் மொண்டு ஊற்றேன்" என்றது பன்றி.

சொல்ல வராததால் மூக்காயி கேட்டுவிட்டாள். "கோரை இருந்த காலத்தில் உங்களை இவ்வளவு ஈ மொய்த்ததா?"

எருதின் வால் அசையாமல் நின்றது. "இல்லையே. நான் கரையில் மேய்வேன். உன் கூட்டம் என் முதுகைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். ஓர் ஈ அண்டாது."

"கோரை போனதும் எங்கள் இரை போயிற்று. குஞ்சுகள் பிழைக்கவில்லை. உங்கள் முதுகைச் சுற்ற யார் இருக்கிறார்கள்?"

எருது பன்றியைத் திரும்பிப் பார்த்தது. "ஈ பிறப்பதே கோரையில்தான், கிளறினால் ஒழியும் என்றாயே. வாயைத் திற."

பன்றி திறந்தது. வாய் நிறையக் கோரைக்கிழங்கு.

"என் முதுகு அரித்தது. உன் வயிறு நிறைந்தது. இனிக் கரைப்பக்கம் உன் மூக்கைக் கண்டால் என் கொம்புக்கு வேலை வந்துவிடும்" என்றது எருது. பன்றி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது.

அன்றே எருது புதரை விட்டுக் கரைவெளிக்கு வந்தது. அதோடு ஈக்களும் வந்தன. மூக்காயி சுழன்று சுழன்று பிடித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டினாள். மழை விழுந்ததும், பன்றி வாய்க்குத் தப்பிய கிழங்குகள் முளைவிட்டன. கோரை தழைத்தது. பூச்சிகள் வந்தன. கூடுதோறும் குஞ்சுகள் பறக்கப் பழகின.

ஓர் அந்தியில் கரிச்சான் இடித்துக்கொண்டு உட்கார்ந்தது. "தள்ளி வா அக்கா. இப்போதெல்லாம் நுனியிலேயே உட்காருகிறாய். விழுந்துவிடப் போகிறாய்."

மூக்காயி நகரவில்லை. அவளுடைய கடைக்குட்டி தட்டுத்தடுமாறி வந்து கிளையில் அமர்ந்தது. கிளை மெல்லத் தாழ்ந்தது. அவள் கால்விரல் தண்ணீரில் நனைந்தது.

அதன் பிறகுதான் அவள் தூங்கினாள்.

நீதி: உடனிருப்பவர் குறைவதைக் கண்டால், பேச்சு தடுமாறினாலும் பேசிவிடு.