ஆபீஸில் எத்தனை பேர்?

ஈரோட்டில் பங்குத் தரகு ஆபீஸ் வைத்திருக்கும் வெங்கிடுபதிக்குச் சாயங்காலமானால் சாமி வந்துவிடும். இன்றைக்கு ஏறிய பங்கு எத்தனை, இறங்கிய பங்கு எத்தனை என்று இரண்டு கம்பெனிகளிடம் கணக்கு வாங்குவார். இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. கணக்குக் கொடுத்தவனை விட்டுவிட்டு, அதைக் கொண்டுவந்து வைக்கும் ஆபீஸ் ஊழியர் தமயந்தியைத்தான் தினமும் காய்ச்சுவார். அவளுக்கும் விளக்கிச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனது.

ஒருநாள் ஆள் கணக்குப் பார்க்கப் பி.எஃப். அதிகாரி வந்து உட்கார்ந்திருந்தார். அவர் இருக்கும்போதே வெங்கிடுபதி ஆரம்பித்துவிட்டார்.

"ஏனம்மிணி, ஒருத்தன் ஆயிரத்து நூறு பங்கு ஏறுச்சுங்கறான், இன்னொருத்தன் ஆயிரத்து ஐநூறுங்கறான். எவன் பொய் சொல்றான்? இப்பச் சொல்லு, இல்லாட்டி நாளைக்கு வராதே."

"சொல்றனுங்க. அதுக்கு முன்னால, நம்ம ஆபீஸ்ல எத்தனை பேருங்க?"

இருபது பேர் இருந்தால் முதலாளி பி.எஃப். கட்டியாக வேண்டும். "பத்தொம்பது," என்றார் வெங்கிடுபதி, அதிகாரியைப் பார்த்தபடி.

"வாசல் போர்டுல நாற்பது பேர்னு இருக்குதுங்களே. எதுங்க பொய்?"

"ரெண்டும் நெசந்தான்," என்று எரிந்து விழுந்தார். "போர்டுல வாட்ச்மேன், டிரைவர், போன்ல பேசற புள்ளைக எல்லாத்தையும் சேர்த்திருக்கு. இந்தப் பத்தொம்பதுல சேர்க்கல. அவ்வளவுதான்."

"அவிய கணக்கும் அப்படித்தானுங்க. ஒருத்தர் சின்னக் கம்பெனிகளோட சில்லறைப் பங்கையும் சேர்த்து எண்ணுறாரு, இன்னொருத்தர் விட்டுட்டு எண்ணுறாரு."

வெங்கிடுபதிக்கு அப்போதுதான் புரிந்தது. அதிகாரிக்கு அதற்கு முன்பே புரிந்துவிட்டது. அவர் பேனாவைத் திறந்தார்.

"நாங்க வாட்ச்மேனையும் சேர்த்துத்தாங்க எண்ணுவோம்."