ஒரு கொத்து கறிவேப்பிலை

தாண்டவ சாமிக்கு எண்பத்தெட்டு வயது. சீடர் சட்டநாதனும் ஒன்றும் சின்னப் பிள்ளையில்லை, எழுபத்துநாலு. ஆனால் பார்க்கிறவர்கள் சீடரைத்தான் மூத்தவர் என்பார்கள். மனைவி பாக்கியம் இறந்த இந்த ஒரு வருஷத்தில் மனிதர் அப்படி ஒடுங்கிப்போயிருந்தார்.

"சாமி, ஒரு வியாதியும் இல்லைன்னு டாக்டர் சொல்லுதாரு. ஆனா நாளுக்கு நாள் கரையுதேன். இந்தக் கார்த்திகையைத் தாண்டுவேனான்னு பயமா இருக்கு. நீங்க மட்டும் எப்படி இவ்வளவு திடமா இருக்கீங்க?"

"உம்ம வீட்டுக்கு யாரு வருவா, போவா?"

"ஒருத்தரும் இல்ல. நானும் யாரு வாசலையும் மிதிக்கிறதில்ல. யாருக்கும் பாரமில்லாம இருக்கேன்."

அதைச் சொல்லும்போது மட்டும் குரல் நிமிர்ந்தது. ரோஷக்காரர் அல்லவா!

சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "வாரும், ரசத்துக்குக் கறிவேப்பிலை வாங்கிட்டு வருவோம்."

சாமியின் மடத்துக் கொல்லையிலேயே ஒரு கறிவேப்பிலை மரம், ஓட்டுக்கு மேலே தழைத்து நின்றது. சட்டநாதன் அதைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார், பின்னால் நடந்தார்.

பக்கத்துத் தெருவில் கோமு ஆச்சி வீடு. மருமகள்தான் வெளியே வந்தாள்.

"அத்தை காலையிலேருந்து எந்திரிக்கல சாமி. கஞ்சியும் வேண்டாம்னுட்டாங்க. நானே பறிச்சுத் தாரேன்."

"நீ பறிச்சா கிளையை முறிச்சிருவே தாயி. ஆச்சி கைதான் சரி." வேண்டுமென்றே உரக்கச் சொன்னார் சாமி.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. சுவரைப் பிடித்தபடி வந்துவிட்டாள் ஆச்சி.

"நேத்து எங்க போனீரு? ரசம் வைக்கலியா? வச்சிருந்தாலும் பூண்டு தட்டிப் போட்டிருக்க மாட்டீரு!"

ஏசிக்கொண்டே கொல்லைக்குப் போய் ஒரு கொத்து ஒடித்து வந்தாள். கையில் கொடுத்துவிட்டு மருமகள் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, அந்தக் கஞ்சி மிச்சமிருந்தா ஊத்து."

திரும்பும் வழியில் சட்டநாதனுக்குப் பாக்கியத்தின் நினைவு வந்துவிட்டது. டப்பா நிறையக் காப்பிப்பொடி இருக்கும். அப்படியும் அவள் டம்ளரைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கடன் கேட்கப் போவாள். மறுநாள் அவர்கள் புளி கேட்டு வருவார்கள். மூன்றாம் வீட்டுக்காரி உறைமோருக்கு வருவாள். அடுக்களையில் எந்நேரமும் பேச்சும் சிரிப்பும்தான். "நமக்கு என்ன பஞ்சமா?" என்று இவர் எரிந்து விழுந்தால், அதற்கும் சேர்த்துச் சிரிப்பார்கள். என்ன நாட்கள் அவை! அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்டால் போதும் என்றிருந்தது. கண் கலங்கியதை அவர் மறைக்கவில்லை.

"சாமி, மரத்தை வச்சுக்கிட்டு இன்னொரு வாசல்ல போய்க் கேக்க உங்களுக்குக் கூச்சமா இல்லையா?"

சாமி நின்றார். "உம்ம கொல்லையில என்ன நிக்கு?"

"முருங்கை. பறிக்க ஆளில்லாம கெடக்கு."

"நாளைக்குக் காய் கேட்டு வருவேன். நீரே நல்லதாப் பாத்துப் பறிக்கணும். முத்தல் காயைத் தந்தீருன்னா, தெருவே கேக்க ஏசுவேன், ஆமா!"