நெளிந்த வயர்

இது சிரிப்புக் கதை. ஆனால் அவசரப்படக் கூடாது. சிரிப்பு கடைசியில் பத்திரமாக இருக்கிறது. அதற்கு முன்னால் ஜெயசிங்கைப் பார்த்துவிடுவோம்.

ஜெயசிங் எலும்பு முறிவுப் பிரிவில் கைகளுக்குப் பயிற்சி கொடுத்தே தலை நரைத்தவர். கட்டுப் பிரித்த கைக்கு முன்னால் ஒரு துளைப் பலகையை வைப்பார். "குச்சியைச் சொருகுங்க. ஆச்சா? இப்ப உருவுங்க. மறுபடி சொருகுங்க." விரல் மடங்கினால் போதும். பலகைக்கு வேறு வேலை கிடையாது.

அவரை மனநல மருத்துவமனையின் தொழில்வழிச் சிகிச்சைக் கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கே தலைவி தில்லைநாயகி. வயதில் இளையவர்தான். ஜெயசிங் கூச்சப்படாமல் அவரிடம் மாணவராகச் சேர்ந்துகொண்டார்.

கூடத்தில் வயர் கூடை பின்னுவார்கள். வயருக்கு எப்போதும் பற்றாக்குறை. ஜெயசிங் ஒரு வழி கண்டுபிடித்தார். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, பின்னியதைப் பிரித்து வைத்துவிடுவார். காலையில் அதே வயர், அதே பயிற்சி.

செண்பகவல்லி வார்டில் யாரோடும் பேசாதவள். இங்கே வந்து ரோஸ் வயரை எடுத்தாள். தினமும் பின்னினாள். வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டரே சொல்லத் தொடங்கினார்.

ஒருநாள் வாய் திறந்து கேட்டாள்: "வயர் நெளியுது. புதுசு இருக்கா சார்?"

ஜெயசிங் தன் வழக்கப்படி இழுத்து இழுத்துச் சொன்னார்: "வயர்ல என்னம்மா இருக்கு? கை வேலை செய்யுதுல்ல?"

பக்கத்து மேசையில் தில்லைநாயகி நிமிர்ந்து பார்த்தார்.

மறுநாள் செண்பகவல்லி வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவள் சாப்பாட்டுக்கும் திரும்பவில்லை. டாக்டர் வீட்டுப் பேச்சை விட்டுவிட்டார்.

"நான் எங்க தப்புப் பண்ணேன் மேடம்? எனக்கே இந்த வேலைல பிடிப்பு விட்டுப்போச்சு."

"நீங்க ஒரு கூடை பின்னுங்க சார். அப்புறம் சொல்றேன்."

பச்சையும் மஞ்சளுமாக ஆரம்பித்தார். வீட்டில் பெருமை வேறு: "இனிமே காய்கறிக்கு என் கூடைதான், பாரு."

"கைப்பிடி வச்சுப் பின்னுங்க, அது போதும்" என்றாள் மனைவி.

மறுநாள் காலையில் கூடத்து பீரோவைத் திறந்தால் பின்னிய அடிப்பாகத்தைக் காணோம். வெறும் வயர்தான் கிடந்தது.

"குரங்கு வேலை மேடம். வேப்பமரத்துல ஒண்ணு உட்கார்ந்திருக்கு, மூஞ்சியே சரியில்ல."

"குரங்கு பிரிச்சு, சுருட்டிக் கட்டி, பீரோவையும் பூட்டிட்டுப் போகுமா சார்?"

"இந்த ஊர்க் குரங்கு போகும்!"

கூடமே சிரித்தது. பொறுங்கள், இது அந்தச் சிரிப்பு இல்லை.

மறுநாளும் பிரிந்து கிடந்தது. அதற்கடுத்த நாளும். "கூடை எங்க?" என்று மனைவி கேட்டபோது ஜெயசிங் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

பிறகு ஒரு காலை. பீரோ முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். இன்னைக்காவது இருக்கும் என்று திறந்தார்.

வயர்தான். பாம்புக்குட்டி மாதிரி நெளிந்து, முடிச்சுக்குள் நுழையாமல் முரண்டு பிடித்தது.

"நெளியுது மேடம். புதுசு இருந்தாக் குடுங்க."

தில்லைநாயகி தலை நிமிராமல், அச்சு அசலாக ஜெயசிங்கின் குரலில் இழுத்தார்: "வயர்ல என்ன சார் இருக்கு? கை வேலை செய்யுதுல்ல?"

கூடம் குபீரென்று சிரித்தது. ஜெயசிங்கும் சிரிக்க வாயைத் திறந்தார். கையிலிருந்த வயரைப் பார்த்தார். வாய் அப்படியே நின்றது.

"நான் தினம் பிரிச்சது செண்பகவல்லிக்குத் தெரியுமா மேடம்?"

"வயரைத் தொட்ட அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுமா அத்தனை நாள் வந்தாங்க? ஏன்?"

"நீங்க இன்னைக்கு ஏன் சார் பீரோவைத் திறந்தீங்க?"