பேய் இல்லட்டி, நான்தான்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகவே இருக்கிறது. டீச்சர் பேசியதெல்லாம் என் வீட்டுக்காரர் சொல்லிக் கேட்டது. ஒரு வார்த்தை கூடக்குறைய இருந்தால் டீச்சர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேபிள் டிவி தொழில் படுத்துவிட்ட பிறகு, என் வீட்டுக்காரர் ஞானதுரை பாளையங்கோட்டை நஸ்ரின் டீச்சரிடம் செல்போன் ஆப் செய்யப் படிக்கப் போனார். டீச்சர் அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அவர் முன்னால் இவர் உட்காரமாட்டார்.

இவர் செய்த ஆப்பில், எங்கே இருந்தாலும் எங்கள் வீட்டு டிவியை அணைக்கலாம், சேனல் மாற்றலாம். என்ன ஓடுகிறது என்றும் தெரியும். என்னிடம் சொல்லவில்லை.

மத்தியானம் சீரியல் பார்க்கிற நேரம்தான் எனக்கென்று இருந்தது. அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது சத்தம் தானாகக் குறைந்தது. பிறகு சேனல் மாறி செய்தி ஓடியது. ரிமோட்டை யாரும் தொடவில்லை. அந்நேரம் அவரே போன் செய்தார்.

"என்னங்க, டிவிக்குப் பேய் பிடிச்சிருச்சு!"

"பேய் இல்லட்டி, நான்தான். அடுத்தவ அழுகிறதைப் பாத்தது போதும், அடுப்பைப் பாரு."

சிரித்தார். நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.

மறுநாள் டீச்சரிடம் ஆப்பைக் காட்டினார்.

"நல்லா வந்திருக்கு அண்ணாச்சி. அவங்க என்ன பாக்கிறாங்கன்னு நீங்க பாக்கிறது மதினிக்குப் பிடிச்சிருக்கா?"

"அவகிட்ட எதுக்கு டீச்சர் கேக்கணும்? என் டிவி, என் பொண்டாட்டி."

டீச்சர் அங்கிருந்த டிவியை ஆப்போடு இணைத்தார். இவருடைய போனை வாங்கிக்கொண்டார்.

"உங்களுக்குப் பிடிச்சதைப் பாருங்க. நான் உள்ளே இருக்கேன்."

கதவு சாத்திக்கொண்டது.

இவருக்கு மல்யுத்தம் என்றால் உயிர். போட்டார். கதவைப் பார்த்தார். சேனலை மாற்றினார். டீச்சர் திரும்பி வந்தபோது, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து நெல் நடவு நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு வயல் இருக்கா அண்ணாச்சி?"

"இல்ல."

"பிறகு?"

"நீங்க பாத்துக்கிட்டு இருப்பீங்களோன்னு..."

"நான் போனை மேசையில வச்சிட்டு டீ குடிச்சிக்கிட்டு இருந்தேன்."

இவர் போனைத் திரும்ப வாங்கி எங்கள் வீட்டு டிவியை ஆப்பிலிருந்து நீக்கினார்.

"இப்ப சரியாயிட்டுல்லா டீச்சர்?"

"ஆப்புல இருந்து எடுத்துட்டீங்க. மதினி மனசுல இருந்து எதை அழுத்தி எடுப்பீங்க?"

வீட்டுக்கு வந்து இவ்வளவையும் என்னிடம் சொன்னார்.

"இனிமே உன் இஷ்டம்போல பாரு, என்ன?"

"சரிங்க" என்றேன்.

பாவம், பொய் சொல்கிற மனிதர் இல்லை. நம்பத்தான் ஆசை. டிவி முன்னால் உட்கார்ந்தால் முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொள்கிறேன்.

இப்போதெல்லாம் மத்தியானமானால் எங்கள் டிவியில் ஜெபக் கூட்டத்தை ஓடவிட்டு, என் செல்போனையும் அதன் முன்னாலேயே வைத்துவிட்டு, எதிர்வீட்டில் போய்த் தரையில் உட்கார்ந்து சீரியல் பார்க்கிறேன்.